பில்லி ஹாலிடேயின் காலப்பிரமாணம்

அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடேயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கண்ணீர்க் கதையையே எழுதி முடிக்கிறார்கள். தகப்பன் கைவிட்ட குழந்தை, வறுமை, நிறவெறி, போதை மருந்து, சிறைவாசம், நாற்பத்து நான்காம் வயதில் மரணம். அத்தனையும் உண்மையே. ஆயினும் இந்தக் கதையை முதலில் படித்துவிட்டு இசைத்தட்டைக் கேட்க உட்காருகிறவர், ஒவ்வொரு சுரத்திலும் அழுகையையே தேடிக்கொண்டிருப்பார். அந்த அம்மையார் பாட்டில் செய்து வைத்திருக்கும் வேலை அவர் காதில் விழாமலே போய்விடும். ஆகையால் நான் பாட்டை முன்னே வைத்து, வாழ்க்கையை அதன் பின்னே வரச் சொல்லி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பில்லி 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிலடெல்பியா நகரத்தில் பிறந்தார். இயற்பெயர் எலினோரா. தாயார் ஸேடி, பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். தகப்பனார் கிளாரன்ஸ் ஹாலிடே கிடார் வாசிப்பவர். பிற்காலத்தில் பெயர் பெற்ற ஒரு வாத்தியக் குழுவில் இடம் பெற்றவர். அவர் குடும்பத்தோடு தங்கவில்லை. குழந்தை பால்டிமோர் நகரத்தில் உறவினர் கையில் வளர்ந்தது. பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்று ஒன்பது வயதில் கத்தோலிக்கக் கன்னிமார் நடத்திய சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தக் குழந்தைப் பருவத்தில் நடந்த வேறு சில கொடுமைகளை இங்கே விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. 1956-இல் வெளியான அவருடைய சுயசரிதையில் அவை இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தாயாரின் வயதையே அதில் ஆறு ஆண்டு குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

சுயசரிதையில் நான் நம்பும் பகுதி ஒன்று உண்டு. பால்டிமோரில் ஒரு விலைமாதர் இல்லத்தில் சிறுமி எடுபிடி வேலை செய்தாள். அங்கே முன்னறையில் ஒரு கிராமபோன் இருந்தது. செய்த வேலைக்குக் கூலியாக அதில் இசைத்தட்டுக் கேட்க அனுமதி வாங்கிக்கொண்டாளாம். கேட்டவை இரண்டு பேருடைய தட்டுகள்: பெஸ்ஸி ஸ்மித் என்னும் ப்ளூஸ் பாடகியுடையதும், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் ட்ரம்பெட் வித்வானுடையதும். பெஸ்ஸியின் கம்பீரமான சாரீரமும் லூயியின் பாவமும் தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். இதை நம்புவதற்குச் சாட்சி அவருடைய பாட்டுகளே. கேட்டுப் பாருங்கள். குரல் வாத்தியம்போல நடக்கும். சொற்களை ட்ரம்பெட்டில் ஊதுகிறவர்போல எங்கே மூச்சு, எங்கே மௌனம் என்று பார்த்து வைப்பார். முறையாக யாரிடமும் பாடம் கேட்டவர் அல்லர். கிராமபோனே குரு.

1929-இல் தாயும் மகளும் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இருந்தார்கள். பிழைப்புக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இராக்கால விடுதிகளில் மேசைக்கு மேசை போய்ப் பாடி, வைத்த காசை எடுத்துக்கொள்ளும் தொழில் கிடைத்தது. பில்லி டவ் என்னும் சினிமா நடிகையின் பெயரில் பாதியும், தகப்பனார் பெயரில் பாதியும் சேர்த்துப் பில்லி ஹாலிடே ஆனார். 1933-இல் ஜான் ஹாமண்ட் என்பவர் தற்செயலாக அவர் பாடக் கேட்டார். செல்வக் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்கார இளைஞர், இசைப் பைத்தியம். அவர் முயற்சியால் அந்த ஆண்டு நவம்பரில் பென்னி குட்மன் குழுவோடு முதல் இசைத்தட்டு வந்தது. பில்லிக்கு அப்போது வயது பதினெட்டு. அந்தத் தட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். குரல் கொஞ்சம் மேலே ஏறிக் கத்துகிறது, பயமும் தெரிகிறது. அதை விட்டுவிடலாம்.

உண்மையான தொடக்கம் 1935 ஜூலை மாதம். பியானோ வாசிக்கும் டெட்டி வில்ஸனின் தலைமையில் ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழு. காசு போட்டால் பாடும் பெட்டிகள் அப்போது அமெரிக்கக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் பெருகிக்கொண்டிருந்தன. அந்தப் பெட்டிகளுக்குத் தட்டு வேண்டும். கறுப்பின மக்கள் கேட்கத்தக்க தட்டாக வேண்டும். செலவு குறைவாக, ஒத்திகை பெரிதாக இல்லாமல், ஒரே அமர்வில் மூன்று நான்கு பாட்டுகளை முடித்துவிடுவார்கள். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். பாடகிக்கு மொத்தமாக ஒரு தொகை. விற்பனையில் பங்கு கிடையாது. எத்தனை ஆயிரம் பேர் காசு போட்டுக் கேட்டாலும் பில்லி கைக்கு வந்தது அன்றைய கூலிதான்.

பாட்டுகள் எப்படிப்பட்டவை? இதை நம் விடுதி நண்பர்கள் கவனிக்க வேண்டும். சினிமாப் பாட்டு என்றால் மட்டம், அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒரு கட்சி நம்மிடையே இருக்கிறது. பில்லிக்குக் கொடுக்கப்பட்டவையும் பெரும்பாலும் அன்றைய சினிமாப் பாட்டும் நாடகப் பாட்டும்தான். முதல் அமர்வில் அவர் பாடிய ‘வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ’ ஒரு பிரிட்டிஷ் படத்துக்காக எழுதியது. ‘மிஸ் பிரவுன் டு யூ’ ஹாலிவுட் படத்துப் பாட்டு. அவற்றிலும் நல்ல மெட்டுகள் பெரும்பாலும் பெயர் பெற்ற வெள்ளைப் பாடகர்களுக்குப் போய்விடும், மிஞ்சியது இவருக்கு. நிலா, முத்தம், படகு, காத்திருப்பு. எழுதியவர்களே அடுத்த ஆண்டு மறந்துவிடக்கூடிய சரக்கு.

அந்தச் சரக்கை வைத்து அவர் என்ன செய்தார் என்பதற்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். 1937 ஜூன் மாதம் பதிவான ‘எ செயில்போட் இன் தி மூன்லைட்’. நிலவொளியில் காதலியோடு படகில் போக வேண்டும் என்ற ஆசையைச் சொல்லும் பாட்டு. அதற்கு மேல் அதில் விஷயமில்லை. கை லொம்பார்டோ என்பவரின் நடனக் குழு அதை வாசித்து நாடெங்கும் பிரபலமாக்கியிருந்தது. அந்தத் தட்டும் கிடைக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். மெட்டு இனிமையாக, சர்க்கரைப் பாகு போல, தாளத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். பிறகு பில்லியுடையதைப் போடுங்கள்.

முதல் தடவை கேட்கும்போது பாடகியை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களை மட்டும் கேளுங்கள். கவுண்ட் பேஸி குழுவைச் சேர்ந்த மூவர்: ஆளுயரத்துக்கு நிற்கும் பாஸ் வாத்தியத்தில் வால்ட்டர் பேஜ், கிடாரில் ஃப்ரெடி க்ரீன், ட்ரம்மில் ஜோ ஜோன்ஸ். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று கால் நடை பிசகாமல் நடக்கும். இத்தகைய பாட்டு ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் முப்பத்திரண்டு அளவு. அளவுக்கு நான்கு தட்டு. ஆக நூற்றிருபத்தெட்டுத் தட்டு. கையால் போட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை பாடகியை மட்டும் கேளுங்கள். அவர் கையோடு வரமாட்டார். அடி தொடங்க வேண்டிய இடத்தில் அவர் சும்மா இருப்பார். தட்டு போன பிறகு, அவசரமில்லாமல், பேசத் தொடங்குகிறவர்போல முதற்சொல்லை வைப்பார். நடுவில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்து நெருக்குவார்; மறுபடி ஒரு சொல்லைத் தளர விடுவார். அடி முடியும் இடத்தில் பார்த்தால் எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பார்கள்.

நம்மில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அடியோடு புதிதல்ல. தாளம் தொடங்கிய பிறகு பாட்டுத் தொடங்குகிற எடுப்பு நம்மிடமும் உண்டு; அனாகத எடுப்பு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஆனால் நமது எடுப்புக்குக் கணக்கு உண்டு. அரை இடம் தள்ளி என்றால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அதே அரை இடம். மிருதங்க வித்வானுக்கும் அது தெரியும். பில்லி தள்ளும் தூரத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அடிக்கு அடி மாறும். எழுதிக் காட்ட முயன்றால் பின்னங்களுக்குள் பின்னங்களாகப் போகும். அப்படியிருந்தும் காலப்பிரமாணம் ஓர் இழையும் அசையாது. அடியில் ஓடும் தட்டு உள்ளத்தில் உறுதியாக இல்லாதவர் இப்படித் தள்ளிப் பாட முயன்றால் குடித்தவன் நடைபோல் ஆகிவிடும்.

மெட்டையும் அவர் உள்ளபடி விடுவதில்லை. சாரீரம் எட்டுவது ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மெட்டமைத்தவர் ஏறி இறங்கி வளைத்திருக்கும் இடங்களை இவர் நேராக்கிவிடுவார். நாலைந்து சுரங்களுக்குள்ளே நின்று, அதிலேயே ஒரு புது வழி காண்பார். குறையை மறைப்பதற்காகச் செய்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளைவை எடுத்துவிட்டால் சொல் வெளியே தெரிகிறது. சர்க்கரைப் பாகு போய், ஒரு மனுஷி நம்மிடம் பேசுவதுபோல் ஆகிறது. படகும் நிலவும் எனக்கு வாய்க்காது என்று தெரிந்தவர் அதைச் சொல்லுவதுபோல் கேட்கிறது. பாட்டை எழுதியவர்கள் அந்த அர்த்தத்தை நினைத்திருக்கவே மாட்டார்கள்.

மூன்றாம் தடவை கேட்கும்போது பாட்டுக்குப் பின்னால் ஊதிக்கொண்டிருக்கும் ஸாக்ஸபோனைக் கேளுங்கள். அவர் பெயர் லெஸ்டர் யங். அவரும் பில்லியும் 1937 ஜனவரியில் முதன்முதலாக ஒன்றாகத் தட்டுப் பதிவு செய்தார்கள். நம் கச்சேரிகளில் பாடுகிறவருக்கு வயலின்காரர் நிழல்போல் போவார் அல்லவா? லெஸ்டர் அப்படிப் பின்தொடருவதில்லை. பில்லி விட்ட இடைவெளிக்குள் தானாக ஒரு வழி போவார். ஆனால் ஒரு தடவையாவது அவர் சொல்லை மிதிப்பதில்லை. இருவரும் ஒரே வாக்கியத்தைப் பாதி பாதியாகப் பேசுகிறார்களோ என்று தோன்றும். அவர் பில்லிக்கு ‘லேடி டே’ என்று பெயர் வைத்தார். பில்லி அவருக்குக் குடியரசுத் தலைவர் என்று பொருள்படும் ‘ப்ரெஸ்’ என்னும் பட்டத்தைக் கொடுத்தார். இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன. சில காலம் அவர் பில்லியும் தாயாரும் இருந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். காதல் என்று பலர் எழுதிவிட்டார்கள், அது சிநேகம்தான்.

1937-இல் கவுண்ட் பேஸி குழுவோடு ஓராண்டு ஊர் ஊராகப் போனார். ஒப்பந்தச் சிக்கலால் அந்தக் குழுவோடு அவர் பாடியதற்கு ஒரு தட்டும் பதிவாகவில்லை; வானொலியில் வந்தவற்றில் இரண்டு மூன்று மட்டும் தப்பின. டெட்ராய்ட் நகரத்தில் மேடை ஏறுமுன் முகத்தில் கறுப்பு மை பூசச் சொன்னார்கள் என்று சுயசரிதையில் கூறுகிறார். விளக்கொளியில் வெள்ளைக்காரிபோல் தெரிந்தால் கறுப்பர் குழுவோடு எப்படிப் பாடலாம் என்று கலகம் வருமாம். அடுத்த ஆண்டு ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவில் சேர்ந்தார். இப்போது கறுப்பாக இருப்பது குற்றமாயிற்று. நியூயார்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் அந்தக் குழு வாசித்தபோது, விருந்தினர் கண்ணில் படாமல் சரக்கு ஏற்றும் லிப்டில் போய் வரச் சொன்னார்கள். 1938 முடிவதற்குள் அவர் விலகிவிட்டார்.

அந்த டிசம்பரில்தான் நியூயார்க்கில் பார்னி ஜோஸப்ஸன் என்பவர் ‘கபே சொஸைட்டி’ என்ற விடுதியைத் திறந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் சமமாக உட்காரலாம் என்பது அதன் கொள்கை. அங்கே 1939-இல் பில்லியிடம் ஒரு பாட்டு வந்து சேர்ந்தது. எழுதியவர் ஏபெல் மீரபோல், பள்ளிக்கூட ஆசிரியர். தென் மாநிலங்களில் கும்பல் கூடிக் கறுப்பரைப் பிடித்து மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. கொலை செய்தவர்கள் பிணத்தடியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அது அஞ்சலட்டையாக விற்கும். அப்படி ஒரு படத்தைப் பார்த்துத் தூக்கமிழந்து, மரத்தில் தொங்கும் உடல்களைக் கனிகளாக உருவகம் செய்து மீரபோல் கவிதை எழுதினார். ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் 1937-இல் அது வெளிவந்தது. பிறகு அவரே மெட்டும் போட்டார். அதுதான் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’.

விடுதியில் அதைப் பாடுவதற்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு அதுவே. பரிமாறுகிறவர்கள் கையிலுள்ளதை வைத்துவிட்டு நிற்க வேண்டும். விளக்குகள் அணையும், பில்லியின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். பாட்டு முடிந்ததும் அதுவும் அணைந்துவிடும். மறுபடி எரியும்போது அவர் மேடையில் இருக்கமாட்டார். எத்தனை கைதட்டினாலும் திரும்பி வருவதில்லை. அவருடைய இசைத்தட்டுக் கம்பெனி இந்தப் பாட்டைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது; தென் மாநில வியாபாரம் கெட்டுவிடும் என்ற அச்சம். இசைத்தட்டுக் கடை வைத்திருந்த மில்ட் கேப்ளர் தம் சிறிய ‘கமோடோர்’ முத்திரையில் 1939 ஏப்ரல் 20-ஆம் நாள் பதிவு செய்து வெளியிட்டார்.

இந்தத் தட்டைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வாத்தியங்கள் ஒரு நிமிஷத்துக்கு மேல் தனியே வாசித்த பிறகே பில்லி வாய் திறக்கிறார். மூன்று நிமிஷத் தட்டில் ஒரு நிமிஷம்! பிறகு பாடும்போது, தாளத்தோடு அவர் வழக்கமாக ஆடும் விளையாட்டு இதில் பெரும்பாலும் இல்லை. சொற்களை ஒவ்வொன்றாக, சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல வைக்கிறார். குரலை நடுங்க விடவில்லை. இவருடைய பாட்டெல்லாம் தம்மை அறியாமல் வந்த புலம்பல் என்று சொல்லுகிறவர்களை நான் இந்தத் தட்டைக் கேட்கச் சொல்லுவேன். எங்கே விளையாட வேண்டும், எங்கே கூடாது என்று அறிந்தவர் செய்த வேலை இது. கடைசிச் சொல்லை நீட்டி, அப்படியே விட்டுவிடுகிறார்.

1944-இல் கேப்ளரே டெக்கா கம்பெனிக்காக ‘லவர் மேன்’ பாட்டைப் பதிவு செய்தார். தமக்குப் பின்னால் வயலின் கூட்டம் வேண்டும் என்று பில்லி கேட்டு வாங்கிக்கொண்டார். பெயரும் பணமும் வந்தன. கூடவே ஹெராயின் பழக்கமும், பணத்தைப் பிடுங்கும் ஆண்களும். 1947 மே மாதம் கைது. மருத்துவம் கிடைக்கும் என்று எண்ணிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிடைத்தது மேற்கு வர்ஜினியாவில் ஆல்டர்ஸன் சிறையில் ஓராண்டும் ஒரு நாளும். அங்கே இருந்த நாளெல்லாம் ஒரு தடவைகூடப் பாடவில்லை என்று பின்னர் கூறியிருக்கிறார். 1948 மார்ச்சில் விடுதலையாகிப் பத்துப் பதினொரு நாளில் கார்னகி மண்டபத்தில் கச்சேரி. இடமில்லாமல் மேடையிலும் நாற்காலி போட்டார்கள்.

மண்டபத்தில் பாடலாம், விடுதியில் பாடக் கூடாது. நியூயார்க்கில் மது விற்கும் இடங்களில் வாசிக்கவோ பாடவோ போலீஸ் கொடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். தண்டனை பெற்றவருக்கு அது கிடையாது. ஜாஸ் பாடகிக்கு விடுதியே அன்றாடத் தொழிலிடம். தண்டனை முடிந்த பிறகும் முடியாத தண்டனை இது. சிறையைவிட இதுவே அவரை அதிகம் கெடுத்தது என்பது என் எண்ணம். நியூயார்க்கை விட்டு மற்ற ஊர்களுக்கும், 1954-இல் ஐரோப்பாவுக்கும் போய்ப் பாடினார். குரல் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது.

1957 டிசம்பர் 8-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜாஸ் வித்வான்களைக் கூட்டி நேரடியாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்தப் படச்சுருள் தப்பியிருக்கிறது. தாமே எழுதிய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ என்னும் ப்ளூஸை பில்லி உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து பாடுகிறார். சுற்றிலும் பழைய கூட்டாளிகள். 1935-இன் முதல் அமர்வில் இருந்த பென் வெப்ஸ்டரும் ராய் எல்ட்ரிஜும் இருக்கிறார்கள். லெஸ்டர் யங்கும் வந்திருக்கிறார். அவருக்கும் உடம்பு முடியவில்லை. பல ஆண்டுகளாக இருவருக்கும் நெருக்கம் விட்டுப்போயிருந்தது என்பார்கள். தம் முறை வந்ததும் எழுந்து பன்னிரண்டே அளவு வாசிக்கிறார். மற்றவர்கள் ஊதியதில் பாதிச் சுரங்கூட இல்லை. அந்த நேரத்தில் பில்லியின் முகத்தைப் பாருங்கள். தலை மெல்ல அசைகிறது. தாம் முன்பே அறிந்த சேதியை மறுபடி கேட்கிறவர்போல் ஒரு சிரிப்பு. ஒருவர் மற்றொருவர் வாசிப்பைக் கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ள எனக்கு இதைவிடச் சிறந்த காட்சி தெரியாது.

1958 பிப்ரவரியில் ரே எல்லிஸ் என்பவரின் பெரிய வாத்தியக் குழுவோடு ‘லேடி இன் ஸாட்டின்’ பதிவாயிற்று. குரல் அநேகமாகப் போய்விட்டது. கரகரப்பு, மூச்சுப் பற்றாமை, சில இடங்களில் சுருதியும் நழுவுகிறது. இதைக் கேட்கவே கூடாது என்பார் சிலர். இதுவே உச்சம் என்பார் சிலர். நான் நடுவில் நிற்கிறேன். வயலின் கூட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. அளவுக்கு மீறிய நெய். ஆனால் அந்த நெய்யைத் தள்ளிவிட்டுப் பாடகி எங்கே சொல்லை வைக்கிறார் என்று பாருங்கள். சாரீரம் போய், சங்கீதம் போகாத முதிய வித்வான்களை நாம் ஊரில் கேட்டதில்லையா? நாற்பத்திரண்டு வயதில் இவர் அந்த நிலையில் இருந்தார். தட்டுக்குப் பின்னால் அதே தூரம்; அதே அவசரமின்மை.

1959 மார்ச் 15-ஆம் நாள் லெஸ்டர் யங் காலமானார். மே மாதக் கடைசியில் பில்லி ஈரலும் இருதயமும் கெட்டு நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூன் மாதம், படுக்கையில் கிடந்தவரைப் போதை மருந்து வைத்திருந்ததாகக் கைது செய்து, அறைக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். ஜூலை 17-ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது. வங்கிக் கணக்கில் எழுபது சென்ட் இருந்தது. கையிருப்பு 750 டாலர். நியூயார்க் மாதா கோவில் ஒன்றில் நடந்த இறுதி வழிபாட்டுக்கு ஏராளமான ஜனங்கள் வந்தார்கள். விடுதிகளில் பாட அவருக்குக் கிடைக்காத அந்த அனுமதிச் சீட்டு முறையை நகராட்சி 1967-இல் எடுத்துவிட்டது.